அடியில் இருக்கும் போஸ்டர்

21 நாள் விடாமல் செய்தால் எதுவும் பழக்கமாகிவிடும் என்பது ஜனவரி மாதத்து வேதவாக்கு. விடியற்காலையில் எழுவது, சர்க்கரையை விடுவது, வேறு ஆளாகவே மாறிவிடுவது என எல்லாவற்றுக்கும் செயலிகளும் பயிற்சி முகாம்களும் இந்த ஒரே எண்ணைத்தான் விற்கின்றன. எண் வந்த வழி வேறு. அமெரிக்க பிளாஸ்டிக் சர்ஜரி மருத்துவர் மேக்ஸ்வெல் மால்ட்ஸ், 1960இல் வெளியான ‘சைக்கோ-சைபர்னெடிக்ஸ்’ நூலில், முகத்தைத் திருத்திக்கொண்டவர்களுக்குக் கண்ணாடியில் தெரியும் புது முகம் பழக்கப்படக் குறைந்தது 21 நாளாவது ஆகிறது என்று எழுதினார். ‘குறைந்தது’ என்ற சொல் வழியில் உதிர்ந்தது. பிறகு முகமும் உதிர்ந்து, நாள் கணக்கு மட்டும் மிஞ்சியது.

லண்டன் யுனிவர்சிட்டி காலேஜைச் சேர்ந்த பிலிப்பா லாலி குழுவினர் 96 பேரை 12 வாரம் கவனித்த ஆய்வு 2010இல் அச்சானது. மதியச் சாப்பாட்டோடு ஒரு பழம், இரவு உணவுக்கு முன் கால் மணி நேர ஓட்டம் போன்ற சின்னச் செயல்கள்தான். யோசிக்காமலே செய்யும் நிலைக்கு வர ஆன காலம் 18 நாள் முதல் 254 நாள் வரை, நடுமதிப்பு 66. 12 வாரத்துக்கு 84 நாள்தானே, 254 எங்கிருந்து வந்தது? வளைகோட்டை நீட்டிப் பார்த்த கணக்கு அது. 21ஐக் கைவிட்டு இப்போது 66ஐ விற்பவர்கள் இதைச் சொல்வதில்லை.

இதெல்லாம் புதுப் பழக்கம் வேரூன்றுவது பற்றியது. பழையது என்ன ஆகிறது? ரஷ்யாவின் இவான் பாவ்லோவ் பாதி விடையைத் தன் நாய்களிடம் கண்டார். உணவு வரும் என்று பழக்கிய குறிப்பொலியை, உணவு தராமல் திரும்பத் திரும்ப எழுப்பினால் எச்சில் ஊறுவது நின்றுவிடும். சற்று இடைவெளி விட்டு ஒலித்தால் மறுபடி ஊறும்.

மீதி விடை அமெரிக்காவின் எம்ஐடியில், ஆன் கிரேபியலின் ஆய்வகத்து எலிகளிடம் இருந்தது. ‘டி’ வடிவப் பாதை. ஒரு பக்கம் சாக்லேட் பால், மறுபக்கம் சர்க்கரைத் தண்ணீர். எந்தப் பக்கம் திரும்ப வேண்டும் என்பதை ஓர் ஒலி சொல்லும். ஓட்டம் ஊறிப்போன பிறகு, சாக்லேட் பாலைக் கண்டாலே குமட்டும்படி செய்தார்கள். எலி அந்தப் பாலைத் தொடுவதில்லை. ஆனால் ஒலி கேட்டதும் கால்கள் அதே பக்கம்தான் ஓடின. குடிக்கப் பிடிக்காத பாலுக்கு எதற்கு இந்த ஓட்டம்? மூளையின் முன்புறத்தில் ஒரு சிறு பகுதியின் நரம்பணுக்களை, ஒளி பட்டால் அடங்கும்படி முன்பே மாற்றியிருந்தார்கள். ஓடும் சில நொடிகளில் அங்கே ஒளியைப் பாய்ச்சியதும் பழக்கம் முறிந்தது. எலிகள் சர்க்கரைத் தண்ணீர்ப் பக்கம் போகத் தொடங்கின. நாளடைவில் அதுவே புதுப் பழக்கமாயிற்று. மறுபடி அதே இடத்தில் ஒளி. புதுப் பழக்கம் உடைந்தது. அந்தக் கணமே பழைய ஓட்டம், தேய்மானமே இல்லாமல், திரும்பி வந்தது. 2012இல் வெளியான முடிவு இது.

சுவரில் போஸ்டர் மேல் போஸ்டர் ஒட்டுவது போலத்தான். போன மாதப் படத்தை யாரும் கிழிப்பதில்லை. மேலே பசை தடவிப் புதுப் படத்தை ஒட்டுகிறார்கள். ஒரு மழை போதும், மேல்தாள் சுருண்டு பழைய கதாநாயகனின் அரை மீசை எட்டிப்பார்க்கும். மாடு வந்து தின்றால் இரண்டும் சேர்ந்து போகும். மூளையில் அப்படி மேயும் மாடு இல்லை. உவமையை இன்னும் கொஞ்சம் இழுக்கலாம். பழைய போஸ்டர் ஊரெங்கும் இருக்கிறது. புதியது ஒட்டிய சுவரில் மட்டுமே. அமெரிக்க உளவியலாளர் மார்க் பூட்டனின் ஆய்வுகள் காட்டுவதும் இதையே: முதலில் கற்றது எங்கும் செல்லும், அதை அடக்கக் கற்றது கற்ற இடத்தோடு ஒட்டிக்கொள்ளும்.

சுவரையே விட்டு விலகினால் என்ன ஆகும்? வியட்நாம் போரிலிருந்து 1971இல் திரும்பிய அமெரிக்கச் சிப்பாய்களை அமெரிக்கச் சமூகவியலாளர் லீ ராபின்ஸ் ஆராய்ந்தார். ஏறக்குறைய ஐந்தில் ஒருவர் அங்கே ஹெராயின் போன்ற போதைக்கு அடிமையாகியிருந்தார். அவர்களில் ஊர் திரும்பிய முதல் ஆண்டில் மீண்டும் அடிமையானவர்கள் சுமார் 5 சதவீதமே. ஊர் மாறியது மட்டுமே காரணம் என்று அடித்துச் சொல்ல முடியாது. அன்று அமெரிக்காவில் ஹெராயின் விலையும் அதிகமாக இருந்தது, தரமும் மட்டமாக இருந்தது. ஆனாலும் அவர்கள் பழைய சுவர்களை வியட்நாமிலேயே விட்டுவிட்டு வந்தவர்கள். மறுவாழ்வு மையத்தில் சில வாரம் குடிக்காமல் இருந்துவிட்டு வீடு திரும்புபவரின் நிலை இதற்குத் தலைகீழ். புது போஸ்டர் ஒட்டிய சுவர் மையத்திலேயே நின்றுவிடுகிறது. பஸ் நிறுத்தத்துக்கு எதிரே இருக்கும் மதுக்கடை பழைய சுவர்.