குடிமைப்பணியும் குடிமக்களும்

நுழையும்முன்

நாட்டின் சட்டங்களும் திட்டங்களும் அரசு அலுவலர் வழியாகவே மக்களை அடைகின்றன. அவ்வழி சீராக இல்லையெனில் நல்ல சட்டமும் ஏட்டளவில் நின்றுவிடும். இந்தியக் குடிமைப்பணியில் இதுவரை திருத்தப்பட்டவை எவை, இன்னும் திருத்தப்பட வேண்டியவை எவை என்பதை இப்பாடம் விளக்குகிறது.

உரிமையும் கிடைப்பும்

மேல்நிலைக் கல்வியை முடித்துக் கல்லூரியில் சேரும் மாணவருக்குச் சாதிச் சான்றிதழும் வருமானச் சான்றிதழும் தேவைப்படுகின்றன. குடும்பத்தில் முதன்முதலாகப் பட்டம் பயில்வோருக்கு முதல் பட்டதாரிச் சான்றிதழும் வேண்டும். இவற்றைப் பெறும் உரிமை அவர்களுக்கு உண்டு. எனினும் கிராம நிர்வாக அலுவலர், வருவாய் ஆய்வாளர், வட்டாட்சியர் எனச் செல்லும் விண்ணப்பம் இடையில் எங்கேனும் தேங்கினால், கட்டணச் சலுகை கைக்கு வருமுன்னே சேர்க்கைக் காலம் கடந்துவிடக்கூடும். உரிமை சட்டத்தில் இருப்பது வேறு. அது கைக்குக் கிடைப்பது வேறு. இவ்விரண்டிற்கும் இடையிலுள்ள தொலைவைக் குறைப்பதே குடிமைப்பணிச் சீர்திருத்தத்தின் நோக்கமாகும்.

உலக வங்கி இந்தியாவைக் கீழ்நடுத்தர வருவாய் நாடுகளின் வரிசையில் வைத்துள்ளது. இத்தகைய நாட்டில் உணவுப் பங்கீடு, கல்வி உதவித்தொகை, முதியோர் ஓய்வூதியம் ஆகியவற்றுக்கு நிதி ஒதுக்கும் ஆற்றல் அரசுக்கு இருக்கிறது. அவற்றை நம்பி வாழ்வோரும் கோடிக்கணக்கில் இருக்கின்றனர். ஆகவே, நிதிப் பற்றாக்குறையைப் போலவே நிருவாகக் குறைபாடும் எளிய மக்களின் வாழ்வை நேரடியாகப் பாதிக்கிறது.

தேர்ந்தெடுத்தலில் நேர்மை

திருவள்ளுவர், தக்காரை ஆராய்ந்து தேர்வதைத் ‘தெரிந்து தெளிதல்’ என்றும், தேர்ந்தவரைத் தக்க பணியில் ஈடுபடுத்துவதைத் ‘தெரிந்து வினையாடல்’ என்றும் இரு தனி அதிகாரங்களாக வகுத்தார். இந்தியக் குடிமைப்பணியின் வரலாற்றைப் புரிந்துகொள்ள இப்பகுப்பு பெரிதும் உதவுகிறது.

கிழக்கிந்தியக் கம்பெனியின் ஆட்சியில் உயர்பதவிகள் கம்பெனி இயக்குநர்களின் பரிந்துரையால் கிடைத்தன. மெக்காலே குழு 1854இல் அளித்த அறிக்கையைத் தொடர்ந்து, 1855இல் இலண்டனில் போட்டித் தேர்வு தொடங்கியது. ஆயினும் கடல் கடந்து சென்று தேர்வெழுதும் வசதி பெரும்பாலான இந்தியருக்கு இல்லை. அத்தேர்வில் வென்ற முதல் இந்தியரான சத்தியேந்திரநாத் தாகூர் 1863இல்தான் தேர்ச்சி பெற்றார். இந்தியாவிலும் அத்தேர்வு நடத்தப்பட்டது 1922 முதலே.

மாகாண அளவில் பணித் தேர்வாணையத்தை முதலில் அமைத்தது சென்னை மாகாணம், ஆண்டு 1929. இன்றைய தமிழ்நாடு அரசுப்பணியாளர் தேர்வாணையம் அதன் வழிவந்ததாகும். விடுதலைக்குப் பின் அரசமைப்புச் சட்டத்தின் 315ஆம் பிரிவு, ஒன்றியத்திற்கும் மாநிலங்களுக்கும் தேர்வாணையங்கள் இருக்க வேண்டும் என வகுத்தது. கோத்தாரி குழுவின் பரிந்துரையால் 1979 முதல் குடிமைப்பணித் தேர்வைத் தமிழ் உள்ளிட்ட எட்டாம் அட்டவணை மொழிகளிலும் எழுத வழி பிறந்தது. இவ்வாறு, பரிந்துரையின் இடத்தைத் தேர்வு பிடித்ததும், அத்தேர்வின் கதவு தாய்மொழியில் பயின்றோருக்கும் திறந்ததும் முதற்கட்டச் சீர்திருத்தத்தின் பயன்களாகும்.

பணியாற்றும் சூழல்

தேர்ந்தெடுக்கப்பட்டவர் அச்சமின்றிப் பணியாற்ற வேண்டும். உரிய விசாரணையின்றி அரசு ஊழியரைப் பணிநீக்கம் செய்வதை அரசமைப்புச் சட்டத்தின் 311ஆம் பிரிவு பொதுவாகத் தடுக்கிறது. ஆனால், நேர்மையான அலுவலரை வழிக்குக் கொண்டுவரப் பணிநீக்கம் தேவையில்லை. அடிக்கடி இடமாற்றம் செய்தாலே போதும். ஒரு மாவட்டத்தின் நீர்நிலைகளையும் பள்ளிகளையும் அறிந்துகொள்ளும் முன்னரே அலுவலர் வேறிடம் செல்ல நேர்ந்தால், அவர் தொடங்கிய பணிகள் பாதியில் நின்றுவிடும்.

இக்குறையைக் களைய வேண்டி, மேனாள் அமைச்சரவைச் செயலர் டி.எஸ்.ஆர். சுப்பிரமணியனும் ஓய்வுபெற்ற அதிகாரிகள் பலரும் உச்சநீதிமன்றத்தை நாடினர். 2013ஆம் ஆண்டு அக்டோபர் 31 அன்று வழங்கப்பட்ட தீர்ப்பு, அலுவலருக்குக் குறைந்தபட்சப் பணிக்காலம் வேண்டும் என்றும், இடமாற்றங்கள் குறித்துப் பரிந்துரைக்கக் குடிமைப்பணி வாரியம் வேண்டும் என்றும், வாய்மொழி ஆணைகள் எழுத்தில் பதிவுசெய்யப்பட வேண்டும் என்றும் கூறியது. வாய்மொழி ஆணைக்குச் சான்று இல்லை. எழுத்தில் பதிவானால் ஆணையிட்டவரே அதற்குப் பொறுப்பேற்க வேண்டும்.

எனினும், பாதுகாப்பு கடமை தவறுவோருக்கும் கேடயமாகிவிடலாம். இதனைக் கருதியே வீரப்ப மொய்லி தலைமையிலான இரண்டாம் நிருவாகச் சீர்திருத்த ஆணையம், அலுவலரின் செயல்திறனைப் பதினான்காம் ஆண்டிலும் இருபதாம் ஆண்டிலும் விரிவாக மதிப்பிட வேண்டும் எனப் பரிந்துரைத்தது.

மக்களுக்குப் பதில் சொல்லுதல்

சோழர்கால உத்திரமேரூர்க் கல்வெட்டு, வாரியப் பொறுப்பிலிருந்து கணக்குக் காட்டாதவரும் அவருடைய உறவினரும் மீண்டும் அப்பொறுப்புக்குத் தகுதியற்றவர் என விதித்தது. கணக்குக் கேட்கும் உரிமை இன்று ஒரு சபைக்கு மட்டும் உரியதன்று. குடிமக்கள் அனைவருக்கும் உரியது. அவ்வுரிமையைக் கேட்டுப் பெற்றதில் எளிய உழைப்பாளருக்குப் பெரும்பங்கு உண்டு.

1990இல் இராசத்தானில் தோன்றிய மஸ்தூர் கிசான் சக்தி சங்கதன் என்னும் அமைப்பு, அரசுப் பணிகளில் உரிய கூலி பெறாத தொழிலாளரை ஒன்றுதிரட்டி, வருகைப் பட்டியலைக் காட்டுமாறு கேட்டது. பின்னர் ஊர்மக்கள் முன்னிலையில் அப்பட்டியல்கள் உரக்கப் படிக்கப்பட்டன. வேலை செய்யாதவர்களின் பெயரிலும் கூலி எழுதப்பட்டிருந்தது அப்போது வெளிப்பட்டது. இத்தகைய போராட்டங்கள் தகவல் உரிமைச் சட்டத்திற்கு வித்திட்டன. 1997இல் தமிழ்நாடு, மாநிலங்களுள் முதலாவதாகத் தகவல் உரிமைச் சட்டம் இயற்றியது. நாடு முழுவதற்குமான சட்டம் 2005இல் நடைமுறைக்கு வந்தது. அதன்படி, கேட்ட தகவலை 30 நாள்களுக்குள் அளிக்க வேண்டும். தக்க காரணமின்றித் தாமதிக்கும் அலுவலருக்கு நாளொன்றுக்கு ரூ. 250 வீதம், ரூ. 25,000 வரை தண்டம் விதிக்கலாம்.

அடுத்த படியாக, மத்தியப் பிரதேசம் 2010இல் பொதுச் சேவை உறுதிச் சட்டத்தை இயற்றியது. சான்றிதழ் முதலான சேவைகளுக்குக் காலவரம்பு வகுத்து, அதனைக் கடக்கும் அலுவலர் தண்டம் செலுத்தவும் அச்சட்டம் வழிசெய்தது. ‘நாளை வாருங்கள்’ என்னும் சொல்லுக்கு விலை வைத்ததே இதன் சிறப்பு.

தெரிந்து தெளிவோம்

1966இல் அமைக்கப்பட்ட முதல் நிருவாகச் சீர்திருத்த ஆணையம், ஊழல் புகார்களை விசாரிக்க ‘லோக்பால்’ என்னும் அமைப்பைப் பரிந்துரைத்தது. அதற்கான சட்டம் 2013இல் நிறைவேறியது. முதல் லோக்பால் 2019இல் பொறுப்பேற்றார்.

நம் கடமை

அரை நூற்றாண்டு காத்திருந்த இப்பரிந்துரை ஓர் உண்மையை உணர்த்துகிறது. சீர்திருத்தம் அறிக்கையால் மட்டும் நிகழ்வதில்லை. கேட்போர் இருக்கும்போதே அது விரைவுபெறுகிறது. உங்களுள் சிலர் நாளை தேர்வெழுதி அலுவலக மேசையின் பின்னே அமரக்கூடும். ஆனால் நீங்கள் அனைவரும் என்றேனும் ஒருநாள் அம்மேசையின் முன்னே விண்ணப்பத்துடன் நிற்பீர்கள். அப்போது ஒப்புகைச் சீட்டைக் கேட்டுப் பெறுங்கள். விண்ணப்பம் எந்நாளில் முடிவுறும் என வினவுங்கள். மறுக்கப்பட்டால் காரணத்தை எழுத்தில் கேளுங்கள். எதிரே அமர்ந்திருப்பவரும் ஒரு குடிமகனே என்பதை மறவாமல், பணிவோடும் உறுதியோடும் கேளுங்கள். மேசையின் பின்னே அமரும் நாள் வந்தால், முன்னே நின்ற நாளை நினைவில் வையுங்கள்.

கற்பவை கற்றபின்

1. உங்கள் பகுதியிலுள்ள இ-சேவை மையத்திற்குச் சென்று, மாணவருக்குத் தேவையான சான்றிதழ்களைப் பெறும் நடைமுறையைக் கேட்டறிந்து பட்டியலிடுக.

2. ‘அலுவலருக்குப் பாதுகாப்பு மிகுந்தால் பொறுப்புணர்வு குறையுமா?’ என்னும் தலைப்பில் வகுப்பறையில் கலந்துரையாடுக.