அரை அரிசி அளவு மூளையில் 15 கோடி இணைப்புகள்

மூளை ஆராய்ச்சி என்றதும் ஸ்கேன் படத்தில் சிவப்பும் மஞ்சளுமாக ஒளிரும் திட்டுகள்தான் நம் நினைவுக்கு வரும். மூளையின் செயல்பாட்டைக் காட்டும் அந்த எம்.ஆர்.ஐ. படத்தில் ஒரு புள்ளி என்பது பொதுவாகப் பக்கத்துக்கு 2 அல்லது 3 மில்லிமீட்டர் உள்ள கனசதுரம். அதற்குள் லட்சக்கணக்கான நரம்பு செல்கள் அடைந்துகிடக்கின்றன. எந்த செல் எதனோடு இணைந்திருக்கிறது என்பதைப் படம் சொல்லாது.

அதைத் தேடி இறங்கியவர்கள் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தின் ஜெஃப் லிக்ட்மன் குழுவினரும் கூகுள் ஆய்வாளர்களும். மருந்துக்குக் கட்டுப்படாத வலிப்பு நோயால் அவதிப்பட்ட 45 வயதுப் பெண்ணுக்கு அறுவை சிகிச்சை நடந்தது. ஆழத்தில் இருக்கும் ஹிப்போகாம்பஸ் என்ற பகுதியை எட்டுவதற்கு, வழியில் இருந்த பொட்டுமடல் புறணியில் சிறு துண்டை அகற்ற வேண்டியிருந்தது. அதில் ஏறக்குறைய ஒரு கன மில்லிமீட்டர், அதாவது அரை அரிசி அளவு, ஆய்வுக்குப் போதுமானதாக இருந்தது.

திசுவுக்குக் கன உலோகச் சாயம் ஏற்றி, பிசினில் பதித்து, வைரக் கத்தியால் 5,000-க்கும் மேற்பட்ட சீவல்களாகச் சீவினார்கள். ஒவ்வொன்றின் கனமும் முப்பது நானோமீட்டர் சொச்சம். எலக்ட்ரான் நுண்ணோக்கியில் படம் எடுக்க மட்டும் 326 நாட்கள் பிடித்தன. சேர்ந்த தரவு 1,400 டெராபைட். சீவலுக்குச் சீவல் ஒரே செல்லைத் தொடர்ந்து அடையாளம் கண்டு, முப்பரிமாணத்தில் கோக்கும் வேலையைச் செயற்கை நுண்ணறிவு செய்தது.

2024 மே மாதம் ‘சயின்ஸ்’ இதழில் முடிவுகள் வந்தன. அந்தத் துளியில் ஏறத்தாழ 57,000 செல்கள், 15 கோடி இணைப்புகள். நரம்பு செல்களைவிட அவற்றைப் பேணும் கிளியா செல்களே இரு மடங்கு.

என்னை அசரவைத்தது எண்ணிக்கை அல்ல. ஒரு நரம்பிழை இன்னொரு செல்லை ஒரே ஒரு இடத்தில் தொட்டுவிட்டுப் போவதுதான் அங்கே வழக்கம். ஆனால் மிக அபூர்வமாகச் சில இழைகள் ஒரே செல்லை ஐம்பது இடங்கள்வரை பற்றியிருந்தன. நன்கு பழகிப்போன செயல்களை நாம் யோசிக்காமலே செய்வதற்கு இத்தகைய வலுவான பிணைப்புகள் உதவலாம் என்பது ஆய்வாளர்களின் ஊகம். வேறு சில இழைகள் காரணம் தெரியாமல் தம்மையே சுற்றிச் சுற்றிச் சுருண்டு கிடந்தன. இப்படி ஒன்று இருக்கும் என்று யாரும் எதிர்பார்த்திருக்கவில்லை. நூறு ஆண்டுகளுக்கு முன் நரம்பியல் முன்னோடி ரமோன் இ கஹால் நரம்பு செல்களைத் துல்லியமாக வரைந்தார். ஆனால் அவர் நம்பியிருந்த கோல்ஜி சாயம், திசுவில் உள்ள செல்களில் சிலவற்றின் மீது மட்டுமே ஏறும். எல்லாவற்றையும் சேர்த்துப் பார்த்தால்தான் இத்தகைய அபூர்வங்கள் கண்ணில் படும்.

முழு மனித மூளையையும் இதே நுணுக்கத்தில் படமாக்கினால் தரவு பத்து லட்சம் மடங்குக்கும் மேல் பெருகும். அதைச் சேமிக்கவே இன்று வழியில்லை. அடுத்த கட்டமாக எலி மூளையின் ஹிப்போகாம்பஸ் பகுதியை எடுத்திருக்கிறார்கள். அது தேவைதான். ஆனாலும் இன்னும் அவசரமானது, இதே போன்ற மனிதத் துண்டுகள் வேறு பலரிடமிருந்தும் கிடைப்பது. அந்தச் சுருள்கள் வலிப்பு நோயின் விளைவா, எல்லோர் மூளையிலும் இருப்பவையா என்பதை ஒரே ஒரு நோயாளியின் திசுவை வைத்துத் தீர்மானிக்க முடியாது.