வெளிச்சத்தை ஆளும் பெட்டி

ஆம்பூர், வாணியம்பாடி, ராணிப்பேட்டை பக்கம் தோல் வியாபாரம் பேசும்போது ஷேடு பற்றிய பேச்சு வராமல் இருக்காது. டேன் நிறம் ஒரு பொட்டு மாறினாலும் இரண்டு துண்டுகள் ஜோடி சேராது. அந்தத் தோலில் தைத்த ஷூவை அடுக்கும் அலமாரிக்கு எல்.இ.டி. ஸ்ட்ரிப் ஒட்டும்போதோ, ஸ்ட்ரிப்பை நாலு கடை ஏறி இறங்கி வாங்கிவிட்டு, அடாப்டரைக் கைக்குக் கிடைத்ததாக மாட்டிவிடுகிறோம். வெளிச்சத்தைக் கூட்டிக் குறைக்க வேண்டுமென்றால் முதலில் பார்த்து வாங்க வேண்டியது அடாப்டரைத்தான் என்பது என் கட்சி.

மீட்டருக்கு 14.4 வாட் இழுக்கும் ஸ்ட்ரிப் 5 மீட்டருக்கு 72 வாட். 12 வோல்ட்டில் அது 6 ஆம்ப், 24 வோல்ட்டில் 3 ஆம்ப்தான். 12 வோல்ட் ஸ்ட்ரிப்பை ஒரு முனையில் மட்டும் இணைத்து நீளமாக ஓட்டினால் வழியிலேயே வோல்ட் இறங்கிக் கடைசி அலமாரி மங்கும். ஒரே டேன் ஷூ அங்கே வேறு ஷேடாகத் தெரியும். அதனால் நீளம் கூடினால் 24 வோல்ட் நல்லது. அடாப்டரை மூச்சுமுட்ட ஓட்டாமல் 100 வாட்டாக வாங்கலாம். பெரிய அடாப்டர் ஸ்ட்ரிப்பை எரித்துவிடாதா? எரிக்காது. வோல்ட் சரியாக இருந்தால், ஸ்ட்ரிப் தனக்கு வேண்டிய ஆம்பை மட்டுமே இழுக்கும். பாதி வெளிச்சத்தில்தானே எரியப்போகிறது, 40 வாட் போதாதா என்றால், போதாது. வெளிச்சத்தைக் கூட்டிக் குறைக்க ஸ்ட்ரிப்போடு இணைக்கும் டிம்மர்கள் அதை நொடிக்குப் பல நூறு முறை ஏற்றி அணைத்தே வெளிச்சத்தைக் குறைக்கின்றன. எரியும் ஒவ்வொரு கணமும் அது முழு ஆம்பையும் கேட்கும்.

ஃபேன் ரெகுலேட்டர் போலச் சுவரில் இருக்கும் டிம்மர், 230 வோல்ட் மின்சாரத்தின் அலையை வெட்டுகிறது. சாதாரண அடாப்டரோ எது வந்தாலும் 24 வோல்ட்டைத் தரவே முயலும். குமிழைத் திருகத் திருக வெளிச்சம் குறையாமல் நிற்கும். பிறகு திடீரென மினுக்கும், உறுமும். டிம்மரை அடாப்டருக்கும் ஸ்ட்ரிப்புக்கும் நடுவில் வைக்க வேண்டும். இல்லையேல் சுவர் டிம்மருக்கென்றே செய்த அடாப்டரை வாங்க வேண்டும்.

கடையில் மினுக்கல் கண்ணை உறுத்தும். செல்போன் வீடியோவில் கறுப்புப் பட்டைகளாக ஓடும். தையல் மேசையில் அது ஆபத்து. ஷூவின் மேல்பகுதியான அப்பரைத் தைக்கும் மெஷின் நிமிடத்துக்கு 1,500 தையலில் ஓடினால் ஊசி நொடிக்கு 25 முறை ஏறி இறங்கும். 50 ஹெர்ட்ஸ் மின்சாரத்தைச் சரியாக வடிகட்டாத மட்டமான அடாப்டரில் வெளிச்சம் நொடிக்கு 100 முறை துடிக்கும். ஊசியின் ஒரு சுற்றுக்குச் சரியாக நான்கு துடிப்பு. ஓடுகிற ஊசி அந்தரத்தில் நிற்பதுபோல் தோன்றலாம். தோலைத் தள்ளும் பெண்ணின் விரலோ அதற்கு அரை அங்குலம் தள்ளி இருக்கிறது. இங்கே அடாப்டரில் மிச்சம் பிடிப்பதை நான் ஒருபோதும் ஏற்கமாட்டேன்.

கெட்டால் மாற்றிக்கொள்ளலாமே என்பார்கள். வேலூர் வெயில் 40 டிகிரியைத் தாண்டும்போது ஃபால்ஸ் சீலிங்குக்குள் அடைத்த அடாப்டர் இன்னும் சூடாகும். உள்ளே இருக்கும் மின்தேக்கியின் ஆயுள் 10 டிகிரி கூடினால் ஏறக்குறைய பாதியாகும். முடி நீக்கச் சுண்ணாம்பும் சல்பைடும் கலக்கும் டேனரிக் கூடத்தில் கிளம்பும் வாயு செம்பையும் வெள்ளியையும் கறுக்கவைக்கும். அங்கே முழுவதும் அடைத்த, நீர்புகாத அடாப்டரே தாங்கும். எங்கே மாட்டினாலும், வாங்கும்போது பெட்டியைத் திருப்பி ஐ.எஸ். 15885 என்ற எண்ணும் பி.ஐ.எஸ். பதிவெண்ணும் இருக்கின்றனவா என்று பாருங்கள்.