காந்தம் இல்லாத 60 டெஸ்லா

பிப்ரவரி 28, தேசிய அறிவியல் தினம். அதற்குள் செயல்திட்டம் ஒப்படைக்க வேண்டுமாம். பிச்சாட்டூர், நாகலாபுரம், சத்தியவேடு பக்கத்து மாணவர்கள் எழுதியிருக்கிறார்கள். எல்லோருக்கும் ஒரே குழப்பம்: செயற்கை கிராஃபீன் என்பது ஆலையில் தயாராகும் கிராஃபீனா?

இல்லை. கிராஃபீன் என்பது ஓர் அணு தடிமனுள்ள கார்பன் தாள்; செயற்கை கிராஃபீனில் அந்தத் தாளே கிடையாது. 2012 மார்ச்சில் ஸ்டான்ஃபோர்டின் ஹரி மனோகரன் குழு 'நேச்சர்' இதழில் வெளியிட்ட ஆய்வைப் பாருங்கள். வழவழப்பான செம்புப் பரப்பு. மைனஸ் 269 டிகிரி குளிர். ஸ்கேனிங் டனலிங் நுண்ணோக்கியின் ஊசிமுனையால் கார்பன் மோனாக்சைடு மூலக்கூறுகளை ஒவ்வொன்றாக நகர்த்தி, முக்கோண அடுக்கில் வைத்தார்கள். செம்பின் மேற்பரப்பில் திரியும் எலெக்ட்ரான்களை இந்த மூலக்கூறுகள் விலக்கும். ஊடுபுள்ளிக் கோலத்தில் கம்பி புள்ளியைத் தொடாமல் வளைந்து போகுமே, அப்படி எலெக்ட்ரான்கள் இடைவெளிகளில் மட்டும் ஓடும். அந்த இடைவெளிகளைச் சேர்த்தால் தேன்கூட்டு அறுகோணம். கிராஃபீனில் போலவே, நிறையற்றவை மாதிரி எலெக்ட்ரான்கள் நடந்துகொள்கின்றன.

எனக்கு நெருடுவது அடுத்த படி. மூலக்கூறுகளைக் கணக்குப்போட்டுச் சற்றே இடம் மாற்றினார்கள். உடனே எலெக்ட்ரான்கள் 60 டெஸ்லா காந்தப்புலத்தில் சிக்கியதுபோல, தனித்தனி ஆற்றல் படிகளில் அடுக்கப்பட்டன. தொடர்ந்து இயங்கும் ஆய்வகக் காந்தங்களின் உச்சமே சுமார் 45 டெஸ்லாதான். செய்திக் குறிப்புகளுக்கு இது போதாதா? ஆனால் அங்கே ஒரு திசைகாட்டியை வைத்தால் முள் அசையாது. இந்தத் தேன்கூட்டில் எலெக்ட்ரான்கள் இரண்டு வகையாகப் பிரிந்து ஓடும். நிஜக் காந்தம் இரண்டையும் ஒரே பக்கம் திருப்பும். இந்தப் போலிப் புலம் ஒன்றை இடமும் மற்றதை வலமும் திருப்பும். கூட்டினால் பூஜ்யம். ஆக, '60 டெஸ்லா' என்பது எலெக்ட்ரானின் கணக்கில் மட்டுமே உண்மை. நிஜ கிராஃபீனை இழுத்துக் கசக்கினாலும் இத்தகைய புலம் வரும். 2010-இல் பிளாட்டினத்தின் மேல் குமிழ்விட்ட கிராஃபீனில் 300 டெஸ்லாவுக்கு மேல் கண்டார்கள். குமிழ் தன் இஷ்டத்துக்கு வரும். இங்கே வடிவத்தை ஆய்வாளரே தீர்மானிக்கிறார், அதுதான் சாமர்த்தியம்.

செயற்கை கிராஃபீன் செய்ய வேறு வழி உண்டா? காலியம் ஆர்சனைடில் 50 நானோமீட்டர் இடைவெளியில் வடிவம் செதுக்கி, கொலம்பியா, பிரின்ஸ்டன் குழுக்கள் 2017-இல் செய்து காட்டின.

செல்போனில் வருமா? மைனஸ் 269 டிகிரி குளிர் வேண்டுமே, வராது.

அறிவியல் தினத்துக்குக் காரணமான ராமன் விளைவுக்கும் இதற்கும் என்ன தொடர்பு? நிஜ கிராஃபீன் எத்தனை அடுக்கு என்று சொல்வது ராமன் நிறமாலை.

மாடல் எப்படிச் செய்வது? தெர்மாகோலில் குண்டூசிகளை முக்கோண அடுக்கில் குத்தி, இடையில் நூலை ஓட்டுங்கள். கறுப்புப் பந்துகளைக் கோத்தால் அது சாதாரண கிராஃபீன்.