விதைத்தாளில் ஒரு வரவேற்பு

மலேசியாவின் கெடா மாநிலத் தோட்டங்களுக்கு நம்மவர்களை வரவழைத்தது ஒரு விதைதான். 1876இல் ஹென்றி விக்கம் பிரேசிலிலிருந்து ஏறத்தாழ 70,000 ரப்பர் விதைகளை இங்கிலாந்துக்குக் கப்பலேற்றினார். லண்டன் கியூ பூங்காவில் முளைத்தவை சுமார் 2,700. மறு ஆண்டு 22 கன்றுகள் சிங்கப்பூர் வந்து சேர்ந்தன. அவற்றில் ஒன்பது பேராவின் கோலகங்சாரில் வேரூன்றின. பினாங்கில் இறங்கி, ஆள் சேர்த்த கங்காணியோடு பீடோங்கிற்கும் பாடாங் சிராய்க்கும் வந்தவர்கள் பால் வெட்டியது அந்த மரங்களின் வழியில் பெருகிய தோட்டங்களில்.

அத்தனை விதைகள் ஏன் வீணாயின? ரப்பர் கொட்டை காய்ந்தால் செத்துவிடும். டுரியான், மங்குஸ்தீன், ரம்புத்தான் எல்லாம் அதே வகை. கறிவேப்பிலை விதைக்கும் ஆயுள் சில வாரங்களே. முளைக்கீரை, துளசி, கடுகு அப்படியல்ல. நன்றாகக் காய்ந்தபின் மாதக்கணக்கில், ஆண்டுக்கணக்கில்கூட உறங்கும், ஈரம் பட்டால் விழிக்கும். விதைத்தாள் என்ற கைவினை இந்த உறக்கத்தை நம்பியே இருக்கிறது.

கையால் செய்த தாளுக்குள் விதை. படித்து முடித்ததும் மண்ணில் புதைத்தால் முளைக்கும். குடிபெயர்ந்து வருபவர்களை வரவேற்கும் கலைக்கு இது மிகவும் பொருந்துகிறது. ஒப்பந்தம், பெர்மிட், அடையாள அட்டை என்று அவர்கள் வாழ்வைத் தீர்மானிப்பது தாள்தானே! 1969க்குப் பிறகு, குடியுரிமை இல்லாததால் வேலை பெர்மிட் கிடைக்காமல் இந்தியாவுக்குக் கப்பலேறியவர்கள் நம்மில் எத்தனையோ பேர். அதே தாள் ஒருவரிடம் "இங்கேயே வேர்விடுங்கள்" என்று சொல்வது பெரிய விஷயம்.

செய்முறை எளிது. பழைய நோட்டுத் தாள்களைக் கிழித்து, இரவு முழுக்க ஊறவைத்து, மறுநாள் நிறையத் தண்ணீர் விட்டுக் கூழாக அரைக்க வேண்டும். தாள் என்பது செல்லுலோஸ் இழைகளின் பின்னல். நீரில் உப்பும் இழைகள், நீர் வடிய வடிய நெருங்கி, ஹைட்ரஜன் பிணைப்பால் ஒன்றையொன்று பற்றிக்கொள்ளும். பசையே தேவையில்லை. கொசுவலை அறைந்த மரச்சட்டத்தைக் கூழில் அமிழ்த்தி, மட்டமாகத் தூக்கி, நீர் வடிந்ததும் துணிமேல் கவிழ்த்தால் ஈரத்தாள் தயார். கெடாவில் வைக்கோலுக்குப் பஞ்சமில்லை. ஆனால் அது கடினம், சோடா போட்டு வேகவைத்த பிறகே இழை பிரியும்.

விதையைக் கூழில் கலப்பதைவிட, துணிமேல் விழுந்த தாளில் தூவி மெல்ல அழுத்துவதே நல்லது என்பேன். காரணம் உண்டு. ஈரத்தில் கிடக்கும் விதை தன்னை நட்டுவிட்டதாகவே எண்ணி நீர் குடிக்கத் தொடங்கும். முளை கிளம்பிய பிறகு தாள் காய்ந்தால் அந்த விதை பிழைக்காது. அதனால் தாள் மெல்லியதாக இருக்க வேண்டும். நிழலில், விசிறிக் காற்றில், ஒரே நாளில் காய வேண்டும். அவசரப்பட்டு இஸ்திரிப் பெட்டி வைத்தால் விதை வெந்துபோகும். மழை கொட்டும் அக்டோபரைவிட வறண்ட ஜனவரி, பிப்ரவரியே இந்த வேலைக்கு ஏற்றது.

விதையை உள்ளூர்க் கடையில் வாங்குங்கள். விதைத்தாளில் செய்த வரவேற்பு அட்டையை வெளிநாட்டுக்குத் தபாலில் அனுப்ப வேண்டாம். விதையோடு நோயும் பூச்சியும் பயணிக்கும் என்பதால்தான் மலேசியாவில் தாவரங்களின் வரவுக்கென 1976ஆம் ஆண்டுச் சட்டமே இருக்கிறது.

இன்று தோட்டங்களுக்கும் கூலிம் தொழிற்சாலைகளுக்கும் வந்து இறங்குபவர்கள் நேப்பாளிகள், வங்காளதேசத்தவர், இந்தோனேசியர். ஒரு காலத்தில் நம் தாத்தா பாட்டி நின்ற இடத்தில் அவர்கள் நிற்கிறார்கள். தமிழ்ப்பள்ளி ஆசிரியர்களே, வரும் ஜனவரியில் பிள்ளைகளோடு விதைத்தாள் செய்யுங்கள். பக்கத்தில் தங்கியிருக்கும் தொழிலாளியின் பெயரைக் கேட்டு, அவர் மொழியிலேயே அட்டையில் எழுதிக் கொடுங்கள். விதை முளைக்கீரையாகவே இருக்கட்டும். அவர்கள் வீட்டிலும் நம் வீட்டிலும் சமைக்கும் கீரை அது. அட்டையை நனைத்துத் தொட்டியில் படுக்க வைத்து, மேலே மெல்லிய மண் தூவினால் போதும். ஒரு மாதத்துக்குள் பறிக்கலாம்.