சாத்திர உவமைகளும் அவற்றின் எல்லையும்

உமாபதி சிவாசாரியார் திருவருட்பயனின் முதற்குறளில், இறைவன் எங்கும் நிறைந்து நிற்றலுக்கு, எழுத்துக்கள் அனைத்தினும் கலந்து நிற்கும் அகரத்தை உவமை கூறுகின்றார். அக்குறளிலேயே அவ்விறைவனை நிகரற்றவன் என்றுங் கூறுகின்றார். நிகரில்லாதான் ஒருவனுக்கு உவமை கூறுதல் யாங்ஙனம் பொருந்தும் என்னும் ஐயம் கற்பார்க்கு எழுதல் இயல்பு. இவ்வையம் அணியிலக்கண அளவில் நிற்பதன்று. உவமையின் எல்லையை அறியாது கற்போர் சித்தாந்தத்தைக் கற்கின்றோம் என்றெண்ணியே அதற்கு மாறாய கொள்கையிற் சென்று வீழ்தலும் உண்டு. ஆகலின் இஃது ஆராயற்பாலதாம்.

உவமை தோன்றும் நிலைக்களத்தைத் தொல்காப்பியனார் வினை, பயன், மெய், உரு என நான்காக வகுத்தார். தண்டியலங்கார ஆசிரியர் பண்பு, தொழில், பயன் என மூன்றாக அடக்கினார். இருவர் கருத்தும் ஒன்றே. ஒரு பொருள் மற்றொன்றனோடு யாதானும் ஒரு திறத்தால் ஒத்தலே உவமையாம். எல்லாத் திறத்தானும் ஒப்பின் அஃது உவமையாகாது, அப்பொருளே ஆகிவிடும். பவளம்போலும் வாய் என்புழி நிறமே கொள்ளப்படும். பவளத்தின் வன்மையை யாரும் கொள்ளார். இனி, உவமைக்கும் பொருளுக்கும் உள்ள வேற்றுமையை ஒழித்து ஒன்றாகக் கூறின் அஃது உருவகமாம். மதிமுகம் என்பது உவமை. முகமதி என்பது உருவகம். இருபொருளின் ஒப்புமையைக் கொண்டு, பின்னர் அவை வேறுபடுமாற்றைக் காட்டுவது வேற்றுமையணி. இம்மூன்றன் இயல்பையும் நன்குணர்ந்தார்க்கே சாத்திர உவமைகள் பயன்படும். உவமையாக ஆசிரியர் கூறியதனை உருவகமாகக் கற்போர் கொள்வதே பிழைகட்கெல்லாம் மூலமாம்.

ஆணவமலத்திற்கு இருளை உவமை கூறுதல் யாவரும் அறிந்தது. மறைத்தலாகிய தொழில்பற்றி வந்த உவமை அது. ஆயினும் உமாபதி சிவாசாரியார் அவ்வளவில் நில்லாது, இருள் பிற பொருளைக் காட்டாதாயினும் தன் வடிவையேனுங் காட்டும். ஆணவமோ பிறபொருளையும் காட்டாது, தன்னையும் காட்டாது என இருண்மலநிலையில் வேறுபாடு கூறினார். இது வேற்றுமையணி. செய்யுட்கு அழகு செய்தற்பொருட்டு இவ்வணி ஈண்டு வந்ததன்று. இருளிற் கிடப்பவன் தான் இருளிற் கிடத்தலை அறிவான். ஆணவத்தாற் கட்டுண்டவன் தன் கட்டினையும் அறியான். ஆகவே தன் கட்டினைத் தானே அறிந்து தானே நீங்குவல் என்பது கூடாதாயிற்று. அறிவிக்கும் திருவருள் இன்றியமையாததாயிற்று. இருள் என்னும் உவமையை முற்றுவமையாகக் கொண்டார்க்கு இவ்வுண்மை புலப்படாது.

அம்மலத்திற்கே செம்பிற் களிம்பும் நெல்லின் உமியும் உவமையாக வழங்கும். களிம்பு செம்போடு உடன் உள்ளதாதல்போல மலம் உயிரோடு அநாதியே உள்ளது என்பதனைச் செம்பும் களிம்பும் உணர்த்தும். இவ்வுவமையை எல்லைகடந்து கொள்பவர் மலத்தை உயிரின் குணமென்று மயங்குதல் கூடும். உமியோ அரிசியின் வேறாய்க் காணப்படுதலின், மலம் உயிரின் குணமன்று, அதனைப் பற்றிய குற்றமே என்பது தெளியப்படும். ஓர் உவமை விட்டதனை மற்றோர் உவமை நிரப்புமாறு இதுவாம்.

அத்துவித இலக்கணத்தை உணர்த்துமிடத்து இம்முறை மிகவும் விளங்கும். சிவப்பிரகாசப் பாயிரத்தில் முன்னர் மூன்று உவமைகள் விலக்கப்படுகின்றன. பொன்னும் அணிகலனும் என்பது அபேதத்தை உணர்த்துவது, அதனைக் கொள்ளின் உயிர் இறைவனது திரிபாய் முடியும், இறைவன் விகாரியாவன். இருளும் ஒளியும் என்பது பேதத்தை உணர்த்துவது. அதனைக் கொள்ளின் அருள் உயிரினிடத்து நிற்றற்கு வழியில்லை. சொல்லும் பொருளும் என்பது பேதாபேதத்தை உணர்த்துவது, அதுவும் கொள்ளப்படாதாயிற்று.

பின்னர்க் கொள்ளப்படுவனவும் மூன்று. 1785-இல் சிவபதமடைந்த திருவாவடுதுறைச் சிவஞான முனிவர் அவற்றின் பொருளை வரையறுத்துக் காட்டுவர். கலப்பினால் ஒன்றாதற்கு உடலும் உயிரும் உவமை. உடல் சடமாகலின், இதனையே முடியக் கொள்ளின் உயிரும் சடமாய் முடியும். அதனை விலக்கப் பொருட்டன்மையால் வேறாதற்குக் கண்ணும் ஞாயிறும் உவமையாயின. கண் காணும் இயல்பிற்றாயினும் ஞாயிற்றின் ஒளியின்றிக் காணமாட்டாது. ஞாயிறு சேய்மைக்கண் நிற்பது. இறைவன் அங்ஙனம் சேயனல்லன். ஆகவே உயிர்க்குயிராய் உடனாதற்கு ஆன்மபோதமும் கண்ணொளியும் உவமையாயின. உயிரின் அறிவு உடன் நில்லாதவழிக் கண் திறந்திருப்பினும் பொருளைக் காணாது. ஒன்றாதல், வேறாதல், உடனாதல் என்னும் மூன்றும் ஒருங்கே கொள்ளப்பட்ட வழியே அத்துவிதம் விளங்கும். மூன்றனுள் ஒன்றையே பற்றினார் அபேதவாதியோ பேதவாதியோ ஆவதன்றிச் சித்தாந்தியாகார்.

முத்திநிலையிற் கூறப்படும் உவமை இன்னும் நுண்ணியது. ஆறு கடலிற் கலந்தாற்போல என்று கேட்டவர், ஆறு தன் பெயரும் வடிவும் இழத்தலை எண்ணி, முத்தியில் உயிரும் கெட்டொழியும் என்று கருதக்கூடும். கெட்டொழியின் இன்பம் நுகர்வார் யார்? திருவருட்பயன் ஆசிரியர் தாள், தலை என்னும் இரு சொற்கள் புணர்ந்து தாடலை என்று ஆதலை உவமை கூறினார். ளகரமும் தகரமும் நின்றவிடத்து டகரம் ஒன்றே ஒலிக்கின்றது. கேட்பார்க்குச் சொல் ஒன்றே. எனினும் தாளும் கெட்டிலது, தலையும் கெட்டிலது. இறைவனது திருவடியும் அதனைச் சேர்ந்த உயிரும் இரண்டாய்த் தோன்றாமலும் ஒன்றாய் ஒழியாமலும் நிற்கும் நிலையை எழுத்துப்புணர்ச்சியால் உணர்த்தியது அருமை. இலக்கணம் கல்லாதார்க்கு இவ்வுவமையின் சுவை கிட்டாது.

ஆகலின் சாத்திரம் ஓதுவார் ஒவ்வோர் உவமையிலும், இஃது எத்திறம் பற்றி வந்தது, எத்திறத்திற் செல்லாது, செல்லாத இடத்தை ஆசிரியர் யாது கொண்டு நிரப்பினார் என மூன்றனையும் வினவிக் கொள்க. அங்ஙனம் கொள்ளின் முதற்கண் எழுந்த ஐயமும் நீங்கும். அகரம் சடமாகிய ஒலி. இறைவன் அறிவே வடிவானவன். அதுபற்றியே அக்குறளில் அறிவு என்னும் சொல்லும் உடன் வைக்கப்பட்டது. நிறைந்து நிற்றல் ஒன்றே உவமைக்கு எல்லை. அவ்வெல்லைக்கு அப்பால் இறைவன் நிகரற்றே நிற்கின்றான்.