வீட்டுக்குள் ஒரு பதிவு நிலையம் – 6: வட்டுகளைப் பிரித்து வைத்தல்

அமெரிக்காவில் ஆன்டெனா வழியே இலவசமாகக் கிடைக்கும் தொலைக்காட்சி ஒளிபரப்பைக் கணினியில் பதிந்துகொள்ள உதவும், ஐசக் ரிச்சர்ட்ஸ் 2002இல் தொடங்கிய மித்டிவி என்னும் திறமூல மென்பொருளும், அதற்கு வேண்டிய ட்யூனர் அட்டைகளும் சென்ற பகுதிகளில் விளக்கப்பட்டன. அந்த ட்யூனர்கள் பிடித்துத் தருவதையெல்லாம் வாங்கி வைத்துக்கொள்ளும் வன்வட்டு, அதாவது கடைகளில் ஹார்டு டிஸ்க் என்று கேட்டு வாங்கப்படுவது, இப்பகுதியின் பொருள். இத்தகைய கணினியை அமைக்க முனைவோர் பெரும்பாலும் வட்டின் வேகத்தையே முதலில் விசாரிக்கின்றனர். கணக்குப் போட்டுப் பார்த்தால், வேகம் இங்கே கடைசியாகக் கவலைப்பட வேண்டியது என்பது விளங்கும்.

அந்நாட்டின் டிஜிட்டல் ஒளிபரப்புத் தரமான ஏடிஎஸ்சியில் ஓர் அலைவரிசை சுமக்கக்கூடிய மொத்தத் தரவு நொடிக்கு 19.39 மெகாபிட் ஆகும். எட்டு பிட் ஒரு பைட் என்பதால் இது நொடிக்கு ஏறத்தாழ 2.42 மெகாபைட், ஒரு மணி நேரத்துக்கு 8.7 ஜிகாபைட். நான்கு ட்யூனர்கள் ஒரே வேளையில் பதிந்தாலும் வட்டுக்கு வந்து சேர்வது நொடிக்குப் பத்து மெகாபைட்டை எட்டாது. நிமிடத்துக்கு 5,400 முறை சுழலும் மலிவான வட்டுகூடத் தொடர்ச்சியாக எழுதும்போது வெளித்தடங்களில் நொடிக்கு நூறு மெகாபைட்டைத் தாண்டிவிடும். தட்டின் மையத்தை ஒட்டிய உள்தடங்களில் அது பாதியாகக் குறைந்தாலும் நான்கு பதிவுகளுக்கும் தாராளமாகப் போதும்.

ஆனால் இந்த நூறு மெகாபைட் கணக்கு, எழுதுமுனை ஒரே தடத்தைப் பின்பற்றி இடையூறின்றி எழுதும்போது மட்டுமே பொருந்தும். தட்டின் வேறொரு மூலைக்கு அது போய்வர நேர்ந்தால், கரம் நகர்வதற்குச் சுமார் பத்து மில்லிநொடியும், வேண்டிய இடம் சுழன்று முனைக்குக் கீழே வந்து சேர்வதற்குச் சராசரியாக 5.6 மில்லிநொடியும் செலவாகின்றன. ஆகவே நொடிக்கு அறுபது எழுபது தாவல்களுக்கு மேல் அந்த வட்டால் இயலாது. ஒவ்வொரு தாவலிலும் 16 கிலோபைட் அளவுள்ள சிறு துண்டு ஒன்றே படிக்கப்படுமானால், நூறு மெகாபைட் வட்டு நொடிக்கு ஒரு மெகாபைட் வட்டாகச் சுருங்கிவிடும். ஒரே ஒரு பதிவுக்கு வேண்டியதைவிட இது குறைவு.

இப்படி வட்டை அலைக்கழிப்பது பெரும்பாலும் மித்டிவியின் தரவுத்தளம்தான். நிகழ்ச்சி நிரல், பதிவு விதிகள், பழைய பதிவுகளின் பட்டியல் ஆகிய அனைத்தும் மைஎஸ்கியூஎல் என்னும் தரவுத்தளத்தில் இருக்கின்றன. புதிய நிரல் இணையத்திலிருந்து இறங்கும்போதும், எதை எந்த ட்யூனரில் பதிவது என்று அட்டவணை மறுபடி கணிக்கப்படும்போதும், ஆயிரக்கணக்கான சிறு படிப்புகளும் எழுத்துகளும் அடுத்தடுத்து நிகழ்கின்றன. இவற்றோடு, பதிவாகிக்கொண்டிருக்கும் கோப்பையே மீண்டும் படித்து விளம்பர இடைவெளிகளைக் குறித்துவைக்கும் துணைநிரலும், அதே வேளையில் வேறொரு பதிவைப் பார்த்துக்கொண்டிருக்கும் வீட்டாரும் சேர்ந்துகொள்கின்றனர். அச்சடிக்கும் பணியோ கோப்பை நகலெடுக்கும் பணியோ தாமதமானால் சற்றுக் காத்திருக்கும். ஒளிபரப்பு எவருக்காகவும் காத்திருப்பதில்லை. நினைவகத்தில் உள்ள தற்காலிகத் தேக்கம் நிரம்பிவிட்டால் அதற்குப் பின் வந்த தரவு தொலைந்ததுதான். படம் கட்டம் கட்டமாக உடைவதும் பேச்சு பாதி வாக்கியத்தில் தாவுவதும் அதன் விளைவுகள். மென்பொருளின் பதிவேட்டில் ‘ஐஓபவுண்ட்’ என்ற எச்சரிக்கை அந்த நேரத்தில் காணப்பட்டால், ஆன்டெனாவைத் திருப்பிப் பார்ப்பதில் பயனில்லை.

இதற்கான பரிகாரம் விலை உயர்ந்த வட்டு அன்று, பிரிவினை. இயங்குதளத்தையும் தரவுத்தளத்தையும் ஒரு தனி வட்டில் வைத்து, பதிவுகளை வேறொரு வட்டுக்கு அனுப்பிவிட்டால் இந்த மோதல் தீர்ந்துவிடுகிறது. ஒரே வட்டை இரு பகுதிகளாகப் பிரிப்பது இதற்கு ஈடாகாது என்பதுடன் நிலைமையை மோசமாக்கவும் கூடும். ஏனெனில் எல்லா எழுதுமுனைகளையும் தாங்கி நகர்வது ஒரே கரம், அது இரு பகுதிகளுக்கும் நடுவே இன்னும் நீண்ட தூரம் ஓட வேண்டியிருக்கும். தரவுத்தளத்துக்கு எஸ்எஸ்டி எனப்படும் அசையும் உறுப்பற்ற வட்டு மிகப் பொருத்தமானது. பதிவுகளையும் அதிலேயே வைக்கலாமே என்ற எண்ணம் எழுவது இயல்பே எனினும், மித்டிவி நேரலையையும் கோப்பாக எழுதிய பின்னரே காட்டுகிறது என்பதால், நாள் முழுதும் ஓடும் ஒரு முழு அலைவரிசை 209 ஜிகாபைட் எழுத்தைக் கோரும்; 150 டெராபைட் எழுத்துக்கு மட்டுமே உத்தரவாதம் பெற்ற ஒரு 250 ஜிகாபைட் எஸ்எஸ்டி அந்த உத்தரவாதத்தை இரண்டு ஆண்டுகளுக்குள் தீர்த்துவிடும்.

அடுத்து வருவது கோப்பு முறைமை, அதாவது எந்தக் கோப்பு வட்டின் எந்தெந்த இடங்களில் கிடக்கிறது என்று இயங்குதளம் கணக்கு வைத்துக்கொள்ளும் முறை. லினக்ஸில் நெடுங்காலம் வழக்கிலிருந்த இஎக்ஸ்டி3 முறைமையில், ஒவ்வொரு நான்கு மெகாபைட் தரவுக்கும் ஒரு குறிப்புத் தொகுதி தனியே எழுதப்படும். ஒரு மணி நேரப் பதிவை அழிக்க அத்தகைய இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட தொகுதிகளைத் தேடிப் படித்தாக வேண்டும். அழிப்பு முடியும்வரை மற்ற எழுத்துகள் முட்டி நிற்கும். பழைய நிகழ்ச்சியை அழித்தால் புதிய பதிவு உடைந்துபோகும் விந்தை இதனாலேயே நேர்ந்தது. கோப்பைச் சிறிது சிறிதாகக் கத்தரித்து அழிக்கும் வசதியை மித்டிவி தனியே சேர்க்க வேண்டியிருந்ததும் இதனால்தான். தொடர்ச்சியான இடங்களை ஒரே குறிப்பில் அடக்கிவிடும் எக்ஸ்எஃப்எஸ், இஎக்ஸ்டி4 ஆகிய முறைமைகளில் இத்தொல்லை ஏறக்குறைய இல்லை. எக்ஸ்எஃப்எஸ்ஸில் ‘அலாக்சைஸ்’ என்னும் அமைப்பை 512 மெகாபைட்டாக வைத்தால், ஒரே வேளையில் எழுதப்படும் இரு பதிவுகள் ஒன்றுக்குள் ஒன்று பின்னிக்கொள்ளாமல் தனித்தனிப் பெருந்துண்டுகளாக அமையும். ஒருமுறை அமைத்த எக்ஸ்எஃப்எஸ் பகுதியைப் பின்னர் சுருக்குவது கடினம் என்பதைத் தொடக்கத்திலேயே நினைவில் கொள்ள வேண்டும்.

இடம் போதாமல் இரண்டாவது பதிவு வட்டு சேர்க்கும்போது, பல வட்டுகளை ஒன்றாகக் கட்டும் ரெய்டு அமைப்பின் மீது பலருக்கும் ஆசை பிறக்கிறது. ஈடுகட்டும் வட்டு இல்லாமல் வெறுமனே இணைத்தால் ஒன்று பழுதானாலும் எல்லாம் போய்விடும். ஈடுகட்டும் வட்டோடு அமைத்தால், மறுஒளிபரப்பில் எப்படியும் வரப்போகும் நகைச்சுவைத் தொடர்களுக்குக் காவலாக ஒரு வட்டின் விலை செலவாகும். குடும்பப் படங்களுக்குத் தேவையான இந்தக் காவல் நேற்றைய செய்தியறிக்கைக்குத் தேவையில்லை. 2008இல் வெளியான மித்டிவியின் 0.21ஆம் பதிப்பு கொண்டுவந்த சேமிப்புக் குழு என்னும் வசதி, தனித்தனி வட்டுகளை ஒரு பட்டியலாகப் பெற்றுக்கொண்டு, ஒரே வேளையில் நடக்கும் பதிவுகளை அவற்றுக்கிடையே பங்கிடுகிறது; ஒரு வட்டு பழுதானால் அதிலிருந்த பதிவுகள் மட்டுமே இழப்பு.

கடையில் வட்டைத் தேர்ந்தெடுக்கும்போது கவனிக்க வேண்டியவை சில உண்டு. கூரை ஓடுகளைப் போலத் தடங்கள் ஒன்றன் விளிம்பின் மீது ஒன்று படிந்திருக்கும் எஸ்எம்ஆர் வகை வட்டுகளில், ஒரு தடத்தை மாற்றி எழுத அடுத்தடுத்த தடங்களையும் மாற்றி எழுத வேண்டியிருப்பதால், நாள்தோறும் அழித்து எழுதும் பணியில் அவை திணறக்கூடும். பார்த்து முடித்தவற்றை நெடுநாள் வைத்திருக்க அவையே போதும். எது எவ்வகை என்பது பெட்டியின் மேல் எப்போதும் இருப்பதில்லை. வெஸ்டர்ன் டிஜிட்டல் நிறுவனம் தன் ரெட் வரிசை வட்டுகள் சிலவற்றில் இம்முறை பயன்படுவதை 2020 ஏப்ரலில்தான் வெளிப்படையாக ஒப்புக்கொண்டது. சென்னை ரிட்சி தெருவில் சிசிடிவி கருவிகளோடு விற்கப்படும் பர்ப்பிள், ஸ்கைஹாக் ஆகிய கண்காணிப்பு வட்டுகள் இப்பணிக்கும் ஏற்றவை. ஆயினும் அவை ஏற்கும் காணொளிக்கான சிறப்புக் கட்டளைகளைச் சாதாரண லினக்ஸ் கணினி அனுப்புவதில்லை என்பதால், இரவும் பகலும் ஓடும் உறுதிக்காகவே அவற்றை வாங்க வேண்டும். மின்சிக்கனத்துக்கென்று எட்டு நொடி ஓய்விலேயே எழுதுமுனையை ஓரங்கட்டிவிடும் பழைய கிரீன் வரிசை வட்டுகளில், அரை நிமிடத்துக்கு ஒரு சிறு எழுத்து வந்துகொண்டிருந்தாலே மூன்று இலட்சம் ஓரங்கட்டல் என்ற வரம்பு 104 நாட்களில் தீர்ந்துவிடும். கிடங்கில் மிஞ்சியதையோ பழையதையோ வாங்குவோர் அந்த நேர அளவை மாற்றிவிடுவது நல்லது.

கொள்ளளவில் 4 டெராபைட் வட்டு முழு அலைவரிசைப் பதிவாக 450 மணி நேரத்துக்கும் சற்று அதிகமாகத் தாங்கும். இடம் தீர்ந்ததும் மித்டிவி பழைய பதிவுகளைத் தானே நீக்கிக்கொள்வதால், இத்தகைய வட்டு சில மாதங்களில் நிரம்பி, அதன்பின் நிரம்பிய நிலையிலேயே வாழ்கிறது. அதனால் துண்டுதுண்டாகச் சிதறாமல் எழுதுவதற்குக் கொஞ்சம் வெற்றிடத்தை எப்போதும் விட்டுவைக்கும்படி அமைப்பது அவசியம். இஎக்ஸ்டி4 தானாகவே நூற்றுக்கு ஐந்து பங்கை நிர்வாகிக்கென ஒதுக்கிக்கொள்கிறது. 4 டெராபைட்டில் அது 200 ஜிகாபைட், அதாவது ஏறத்தாழ 23 மணி நேர ஒளிபரப்பு. இயங்குதளம் இல்லாத பதிவு வட்டுக்கு அவ்வளவு பெரிய ஒதுக்கீடு வேண்டாம். ‘ட்யூன்2எஃப்எஸ்’ கட்டளையால் அதை ஒரு விழுக்காடாகக் குறைத்துவிட்டால் 18 மணி நேரத்துக்கான இடம், காசு செலவில்லாமல் திரும்பக் கிடைக்கும்.

(தொடரும்)